சிகார் ருசி: முதல் முறை கையில் எடுப்பவருக்கு

மந்தைவெளி வீட்டு மொட்டை மாடியில், 26 வயதில், முதல் முறையாகச் சிகார் பிடித்தேன். பெரியப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறைமுகத்திலோ வாங்கிப் பத்திரமாக வைத்திருந்த டொமினிகன் சிகார் ஒன்றை அலுமினியக் குழாயிலிருந்து உருவி என் கையில் கொடுத்தார். சிகரெட் பிடித்த பழக்கத்தில் நெஞ்சு நிறைய இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் இருமல். ஐந்தாவதில் நெற்றி வியர்த்து, கை சில்லிட்டு, தலை சுற்றியது. தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா கீழே போய் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “காப்பி குடிச்சா நெஞ்சுக்குள்ளயா இழுக்கிற? இதுவும் அப்படித்தான்டா. வாயில வை, பாரு, விட்டுடு.”

சிகாரைப் பற்றி யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன். நம் ஊரில் புகைப்பதற்கு ‘தம் அடிக்கிறது’ என்று பெயர். தம் என்றால் மூச்சு. சிகரெட்டுக்கு அந்தப் பெயர் சரியாகப் பொருந்தும். சிகார் மூச்சோடு உள்ளே போகக் கூடாது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவிலேயே தொடங்கி அங்கேயே முடிகிற சமாச்சாரம் அது.

காரணம் இலையில் இருக்கிறது. சிகரெட் புகையிலையைச் சூடான அறைக்குள் வைத்துச் சில நாட்களில் உலர்த்திவிடுவார்கள். இலையில் சர்க்கரை மிச்சம் இருக்கும், புகையில் லேசான அமிலத் தன்மை இருக்கும். அந்தப் புகையிலுள்ள நிகோடின் வாயில் அவ்வளவாக ஊறாது. நுரையீரலுக்குப் போனால்தான் ரத்தத்தில் நன்றாகக் கலக்கும். சிகார் இலையைக் காற்றில் மெதுவாக உலர்த்தி, பிறகு நொதிக்க வைக்கிறார்கள். அதன் புகை சுண்ணாம்பைப் போலக் காரத் தன்மை உடையது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் புகையிலை போடுகிறவர்களுக்குக் கிறக்கம் சீக்கிரம் ஏறுவது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? இங்கேயும் அதே கணக்குதான். நிகோடின் வாயின் தோல் வழியாகவே உள்ளே போய்விடுகிறது. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கிற அளவு புகையிலை இருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அன்றைக்கு மாடியில் எனக்குத் தலை சுற்றியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்து இல்லை என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சிகார் காரணமாகிறது. அடிக்கடி பிடித்தால் நிகோடின் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அந்தப் புகை கெடுதல்தான். புகைக்காத ஒருவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தொடங்குவதை நான் விரும்பவில்லை. ருசி எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளப் படிக்கலாம். எப்போதாவது ஒன்று பிடிக்கிறவராக இருந்தால், அந்த ஒன்றை அவசரத்தில் வீணாக்காமல் இருக்கப் படிக்கலாம்.

வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துத் தயங்கவும் வேண்டாம். ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று சொல்கிறார்களே, அது நம் ‘சுருட்டு’ போன வழியில் மாறிய சொல். திருச்சி உறையூரில் சுருட்டுத் தொழில் பேர்பெற்று இருந்தது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. அந்தச் சுருட்டுகள் மவுண்ட் ரோடு கடைக்கும் வந்தன, கப்பலேறியும் போயின. சிகாருக்கும் சுருட்டுக்குமான புகையிலையை ஆராய 1948இல் வேடசந்தூரில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கும் தனிப் பெயர் உண்டு. ஆக, உருட்டிய இலையின் வாசனை தமிழ் மூக்குக்குப் புதிது கிடையாது. நம் சுருட்டு பெரும்பாலும் இரண்டு பக்கமும் திறந்திருக்கும், எடுத்தால் பற்றவைக்கலாம். உயர்தரச் சிகாரின் ஒரு முனை இலையால் மூடியிருக்கும், அதை வெட்டித்தான் திறக்க வேண்டும்.

உயர்தரம் என்ற பெயர் விலையை வைத்து மட்டும் வருவதில்லை. தூளோ காகிதமோ இல்லாமல், முழு நீள இலைகளைக் கையால் மடித்துச் சுருட்டியிருக்க வேண்டும். அதில் மூன்று அடுக்கு உண்டு: உள்ளே நிரப்பும் இலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலை, கண்ணுக்குத் தெரிகிற போர்வை இலை. நிரப்பும் இலைகளில்தான் கைவேலையின் சூட்சுமம் இருக்கிறது. செடியின் அடியிலை மெல்லிசு, நன்றாக எரியும். நடு இலையில் வாசனை அதிகம். உச்சியிலை வெயிலை முழுக்க வாங்கித் தடித்திருக்கும். வீரியம் அதில்தான், ஆனால் லேசில் எரியாது. அதனால் உச்சியிலையை நடுவில் வைத்து, எரிகிற இலைகளைச் சுற்றிக் கொடுத்துச் சுருட்டுகிறார்கள். இந்த விகிதம் மாறினால் சிகாரின் குணமே மாறிவிடும்.

கியூபாவின் பினார் டெல் ரியோ பகுதி இலைக்குப் பேர்போனது. 1959 புரட்சிக்குப் பிறகு அங்கே சிகார் தொழிற்சாலைகளை அரசு எடுத்துக்கொண்டது. தொழில் தெரிந்த பல குடும்பங்கள் டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகரகுவா என்று போய்ப் பயிர் வைத்தன. இன்றைக்கு நிகரகுவாவின் எஸ்தெலி இலையும் டொமினிகன் இலையும் கியூபாவுக்குச் சளைத்தவை அல்ல என்பது என் எண்ணம். முதலில் வாங்குகிறவர் ‘கியூபா’ என்ற ஒரு பெயருக்காகக் காசைக் கொட்ட வேண்டாம். போலிகள் அதிகம் ஓடுவதும் அந்தப் பெயரில்தான்.

இனி ருசிக்கு வருவோம். வீட்டில் புதுப்புளியும் பழம்புளியும் புழங்கியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். புதுப்புளி சிவப்பாக, பல்லைக் கூசவைக்கிற கூர்மையோடு இருக்கும். ஒரு வருஷம் ஜாடியில் கிடந்தால் கறுத்து, கூர்மை தணிந்து, புளிப்புக்கு அடியில் ஒரு இனிப்பு எட்டிப்பார்க்கும். புகையிலையும் அப்படியே. பறித்த இலையைக் கொட்டகையில் ஒன்றரை இரண்டு மாதம் தொங்கவிட்டுப் பாடம் பண்ணுகிறார்கள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். பிறகு லேசான ஈரத்தோடு ஆள் உயரத்துக்குப் போர் போடுகிறார்கள். வைக்கோல் போருக்குள் கையை விட்டால் கதகதப்பாக இருக்குமே, அதே மாதிரி இலைப்போர் தானாகச் சூடேறும். சூடு 40, 50 டிகிரி என்று ஏறும்போது பிரித்து, உள்ளிலையை வெளியே, வெளியிலையை உள்ளே என்று மாற்றி மறுபடி அடுக்குவார்கள். அந்தச் சூட்டில் அம்மோனியா வெளியேறுகிறது, கடுமை குறைகிறது, புது வாசனைகள் பிறக்கின்றன. அதற்கு மேல் வருஷக்கணக்கில் ஓய்வு. மூக்கைச் சுடுகிற நெடி அடித்தால், இந்த வேலையில் எங்கோ அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சுருட்டுகிற இடத்தைப் பற்றி ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஹவானாவில் 1865 முதல், தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளும் கதையும் உரக்கப் படிப்பார். அவருக்கான சம்பளத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். கை சுருட்டும், காது கேட்கும். அந்தக் கைகளின் வேலையைத்தான் நாம் ஒரு மணி நேரம் எரிக்கிறோம் என்ற நினைப்பு வந்தால், அவசரம் தானாகக் குறையும்.

பற்றவைக்கும் முன் செய்வது கொஞ்சம்தான், ஆனால் அதில் தவறினால் திருத்த முடியாது. மூடிய முனையில் தொப்பி மாதிரி ஒட்டியிருக்கும் இலையின் விளிம்பு தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே, 2 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் கட்டரால் ஒரே வெட்டு. கோட்டைத் தாண்டினால் போர்வை இலை பிரிந்துகொண்டு வரும். பற்றவைக்காமலே ஒரு முறை இழுத்துப் பாருங்கள். காற்று தாராளமாக வர வேண்டும், உதட்டில் காய்ந்த இலையும் மரமும் கலந்த ஒரு இனிப்பு தட்டும். கேஸ் லைட்டர் அல்லது நீளமான தீக்குச்சி போதும். குச்சியாக இருந்தால் மருந்து எரிந்து முடியும்வரை பொறுங்கள். பெட்ரோல் லைட்டரும் மெழுகுவத்தியும் வேண்டாம், அந்த வாடை கடைசிவரை கூடவே வரும். தீயைத் தொடவிடாமல், அப்பளம் சுடுவதுபோலச் சிகாரைத் திருப்பித் திருப்பி விளிம்பு முழுவதும் கனியவைத்த பிறகே வாயில் வைக்க வேண்டும்.

அதன்பின் வேகம்தான் எல்லாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். தணல் பதமாக இருந்தால் சாம்பிராணி உருகி வாசனை வீடெல்லாம் பரவும். விசிறி விசிறித் தணலைக் கொழுந்துவிட வைத்தால், கருகின நெடியும் கண்ணெரிச்சலும்தான் மிச்சம். சிகாரின் நுனியும் ஒரு தணல். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு என்பது நல்ல கணக்கு. அதைவிட வேகமாக இழுத்தால் தணல் சூடேறி, வாசனைக்குரிய எண்ணெய்கள் கருகி, கைப்பு மட்டும் வரும். ரொம்பத் தாமதித்தால் அணைந்துபோகும். அதில் ஒன்றும் கேவலமில்லை, சாம்பலைத் தட்டிவிட்டு மறுபடி பற்றவைக்கலாம். சாம்பலைச் சிகரெட் மாதிரி தட்டிக்கொண்டே இருக்கவும் கூடாது. ஒரு அங்குலம் நிற்கட்டும். அது தணலுக்கு மூடி மாதிரி இருந்து சூட்டை அடக்கிவைக்கும்.

ஒரு இழுப்பை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். சூடான காப்பியை உறிஞ்சுகிற அளவுக்குப் புகையை வாய்க்குள் வாங்குங்கள். தொண்டை மூடியே இருக்கட்டும். இரண்டு மூன்று விநாடி நாக்கின் மேல் உருளவிட்டு வெளியே விடுங்கள். முதலில் நாக்கில் படுவதைக் கவனியுங்கள். இங்கே தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: அறுசுவை. ஆங்கிலத்தில் ருசி எழுதுகிறவர்கள் ‘துவர்ப்பு’க்குத் தடுமாறுவார்கள், நமக்குப் பாக்கைக் கடித்தவுடன் தெரியும். சிகாரில் துவர்ப்பு நிறைய உண்டு, கன்னத்தின் உள்பக்கத்தை இழுத்துப் பிடிக்கும். கைப்பு நாக்கின் பின்பக்கம் தங்கும். அளவோடு இருந்தால் டிகாஷன் கைப்பு, எல்லை மீறினால் கருகின வெந்தயம். உதட்டை நக்கினால் லேசான உவர்ப்பு. இனிப்பு ஒளிந்துதான் இருக்கும், புகையை விட்ட பிறகு எச்சிலில் தெரியும். கார்ப்பு மட்டும் உண்மையில் சுவையே இல்லை. மிளகு கடித்தால் நரம்பு எரிகிறதே, அதே எரிச்சல்தான்.

வாசனைக்கு மூக்கு வேண்டும். ஜலதோஷம் பிடித்தால் ரசம் வெறும் சுடுதண்ணீராகிவிடுவது ஏன்? வாயிலிருந்து மூக்குக்குப் பின்வழியாகப் போகும் பாதை அடைத்துக்கொள்வதால்தான். சிகாரில் அந்தப் பாதையை வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். வாயில் இருக்கும் புகையில் முக்கால்வாசியை வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை மூக்கு வழியாக மெதுவாக விட வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது, வெளியேதான். முதலில் கண்ணில் தண்ணீர் வரும். நாலைந்து முறை பழகினால், வாயில் வெறும் புகையாக இருந்தது மூக்கில் பத்துப் பொருளாகப் பிரியும். முதல் தடவை எனக்கு வந்தது, அம்மா சாம்பார்ப் பொடிக்கு மல்லி விதை வறுக்கும்போது சமையலறை வாசலில் நிற்கிற வாசனை. திடுக்கிட்டுப் போனேன்.

அது வெறும் கற்பனை இல்லை. காப்பிக்கொட்டை, கொக்கோ, மல்லி விதை என எதை வறுத்தாலும் சர்க்கரையும் புரதக்கூறுகளும் சூட்டில் சேர்ந்து பைரசின் என்ற வகைச் சேர்மங்கள் உண்டாகின்றன. புகையிலைப் புகையிலும் அந்த வகைச் சேர்மங்கள் உண்டு. அதனால்தான் யாரும் கொக்கோ சேர்க்காமலே கொக்கோ மணக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் தோல், சீடர் மரம், பேரிக்காய் ரொட்டி என்று எழுதியிருப்பார்கள். அது அவர்கள் வீட்டு ஞாபகம். உங்கள் மூக்கு கருப்பட்டி, சந்தனக்கட்டை, கோடை மழையின் முதல் மண்வாசனை, தேங்காய் நார் புகை, பாட்டியின் தேக்கு பீரோ என்று சொன்னால் அதையே எழுதிவையுங்கள். மற்றவருக்கு வந்தது உங்களுக்கு வரவில்லையே என்ற கவலை தேவையில்லை.

எதை வாங்குவது? ஐந்து அங்குல நீளம், 50 என்று எழுதிய ‘ரோபஸ்டோ’ அளவு ஆரம்பத்துக்கு நல்லது. அந்த எண் தடிமனைச் சொல்கிறது, ஒரு அங்குலத்தை 64 பாகமாக்கினால் அதில் 50. ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரும். வெளிர் பழுப்புப் போர்வை உள்ள, மென்மையானது என்று குறிப்பிட்ட சிகாராகக் கேளுங்கள். இறக்குமதிப் பெட்டியானாலும் இந்தியாவில் விற்க, முகப்பில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படமும் வாசகமும் இருந்தாக வேண்டும். அது இல்லாத பெட்டி நேர்வழியில் வந்தது அல்ல. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது. பொது இடத்தில் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். முப்பது அறைக்குக் குறையாத ஓட்டல்களில் தனிப் புகை அறை இருக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு மாடிதான். சாப்பிட்ட பிறகு, கடல்காற்று ஏறிய நேரத்தில் உட்காருங்கள். வெறும் வயிற்றில் ஒருபோதும் வேண்டாம். பக்கத்தில் சிக்கரி குறைவான பில்டர் காப்பி, ஒரு துண்டு வெல்லம். தலை லேசாகக் கிறுகிறுத்தால் அந்த வெல்லம் உதவும். எனக்கு மதுவைவிட இந்தக் கூட்டணிதான் பிடித்திருக்கிறது, நாக்கு விழிப்பாக இருக்கிறது.

சென்னைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது சேமிப்பு. சிகாருக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் 18 முதல் 21 டிகிரி குளிர்ச்சியும் இருந்தால் நல்லது என்பார்கள். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, நவம்பர் மழையில் 80 சதவீதம் சர்வசாதாரணம். ஆனால் ஏசி அறை அதே காற்றை உலர்த்திவிடும், சிகார் மொறுமொறுவென்று ஆகி வெடிக்கும். இதைவிடப் பெரிய எதிரி சூடு. ஒரு மே மாதம், ஐந்து சிகாரை அழகான மரப்பெட்டியில் வைத்து அலமாரியில் விட்டேன். ஜூனில் திறந்தால் போர்வை இலையில் ஊசியால் குத்தியதுபோல ஓட்டைகள், பெட்டியின் அடியில் பழுப்புத் தூள். மல்லி டப்பாவிலும் மஞ்சள் டப்பாவிலும் வருகிற அதே சின்னப் பழுப்பு வண்டு. முட்டை இலையிலேயே இருந்திருக்கும். சூடு ஏறினால் சீக்கிரம் பொரிந்துவிடும். இப்போது வாங்கியவுடன் காற்றுப் போகாத பையில் போட்டு மூன்று நாள் ஃப்ரீசரில், பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அதன்பின் வெளியே. திடீரென்று வெளியே எடுத்தால் இலை வெடித்துவிடும். சேமிக்க விலை உயர்ந்த ஹியூமிடார் (ஈரப்பதம் காக்கும் சிகார் பெட்டி) தேவையில்லை. இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவும், உள்ளே ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் வைத்திருக்கும் பாக்கெட் ஒன்றும், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையும் போதும்.

பிடிக்கப் பிடிக்க ருசி மாறுவதையும் கவனியுங்கள். முதல் மூன்றில் ஒரு பங்கில் கார்ப்பு முந்திக்கொள்ளும். நடுப்பங்கில் எல்லாம் இணங்கி, எனக்கு வேண்டிய இனிப்பும் மர வாசனையும் அங்கேதான் கிடைக்கின்றன. கடைசிப் பங்கில், அதுவரை வந்த புகை படிந்து ஊறிய இலை எரிவதால், வீரியம் கூடும், சூடு விரலுக்கு வரும். கைப்பு மேலோங்கியதும் நிறுத்திவிடலாம், விலையை நினைத்துக் கடைசிவரை இழுக்க வேண்டியதில்லை. சிகரெட் மாதிரி நசுக்காதீர்கள். நசுக்கினால் நெடி மாடியைவிட்டு இறங்காது. சும்மா ஆஷ்ட்ரேயில் வைத்துவிட்டால் சில நிமிஷத்தில் தானே அணைந்துவிடும். அணைந்ததைத் தண்ணீரில் நனைத்து அன்றைக்கே குப்பையில் போடுங்கள். மறுநாள் காலையில் அந்தத் துண்டைப் பற்றவைத்துப் பார்த்திருக்கிறேன்; வாயில் தார் வாடை, மத்தியானச் சாப்பாடு வரை போகவில்லை.